நாவல் மரத்தைச் சட்டம் காக்குமா?

கோத்தகிரியை அடுத்த குடியிருப்பு ஒன்றிலிருந்து எழுதும் வாசகி, அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. அவருடைய தந்தை 1964-இல் ஒரு பழைய பங்களாவையும் அதைச் சுற்றியுள்ள 38 சென்ட் தோட்டத்தையும் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். தந்தை 1998-இலும் தாய் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் காலமாகிவிட்டார்கள். உயில் ஏதும் இல்லை. பட்டா இன்னும் தந்தை பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகள் இவரும், கோயம்புத்தூரில் வசிக்கும் தம்பியும் மட்டுமே.

தோட்டத்தின் பக்கவாட்டு வேலியோரம் மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற ஒரு சைப்ரஸ் நிற்கிறது. வீட்டின் பின்புறச் சரிவில், சிறிய ஊற்று ஒன்றுக்கு மேலே, பங்களா கட்டப்படுவதற்கு முன்பே இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு காட்டு நாவல். கீழ்க்கோடியில் வரிசையாக ஒன்பது கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள். தம்பி இடத்தை விற்கப் பார்க்கிறார். வாங்க வருபவர் விடுதி கட்டுவதற்காகப் பின்புறத்தைக் 'காலி மனையாக'க் கேட்கிறார். மர வியாபாரி ஒருவர், 'பர்மிட்டெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று முன்பணத்துடன் வந்து போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், சைப்ரஸ் தம் வீட்டுப் பக்கம் சாய்கிறது, சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டார். 'நூறு ஆண்டு கடந்த மரம் பாரம்பரியச் சின்னம் அல்லவா? அதைச் சட்டம் காக்காதா? ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 74,500 ரூபாய் மதிப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே, அப்படியானால் என் நாவலின் மதிப்பு முக்கால் கோடி ஆகாதா?' என்று கேட்கிறார். கடைசியில், நாவலின் அடிக்கிளைக்குள் புதைந்துபோன ஊஞ்சல் சங்கிலியைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று வகை மரங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, 'என் மரங்கள்' என்று நீங்கள் பேசுகிறீர்கள். தம்பியும் அதே கட்டை 'அந்த மரங்கள்' என்கிறார். இருவரும் அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் வழி பிறக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் ஒன்றுக்காக நீங்கள் உறுதியாக நிற்கலாம், மற்றொன்றைப் போகவிட வேண்டியிருக்கலாம், மூன்றாவதற்காகச் சண்டையே தேவையில்லை.

'பாரம்பரிய மரம்' என்று சட்டத்தில் ஒன்று உண்டா?

ஏமாற்றம் தரும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் தோட்டத்தில் நிற்கும் ஒரு மரத்தை, வயதை மட்டும் கொண்டு பாரம்பரிய மரம் என்று அறிவித்துக் காக்கும் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. மகாராஷ்டிரம் 2021-இல் தன் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 50 ஆண்டும் அதற்கு மேலும் வயதுள்ளவற்றைப் பாரம்பரிய மரங்கள் என்று வரையறுத்தது. நீங்கள் எங்கோ படித்தது அதுவாக இருக்கலாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்ற அறிவிப்பு உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது ஒரு நிலப்பரப்புக்கான ஏற்பாடு. ஒரு வீட்டுத் தோட்டத்து ஒற்றை மரத்துக்குப் பொருந்தாது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே, கன்னேரிமுக்கில், அந்நாளைய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களாவைப் புதுப்பித்துக் காட்சியகமாக வைத்திருக்கிறோம். அதே வயதுள்ள ஒரு நாவல் மரத்துக்கு அப்படியொரு பலகை கிடைக்காது. எனக்கும் இது நெருடலாகத்தான் இருக்கிறது.

அந்த 74,500 ரூபாயும் தீர்ப்பு அல்ல. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 2021-இல் தந்த அறிக்கையில் இருக்கும் கணக்கு அது. அதில் 45,000 ரூபாய், மரம் தரும் பிராணவாயுவுக்கு மட்டும் போடப்பட்டது. மரத்தின் பயனை எண்ணிப் பார்க்க நல்ல கணக்குதான்; ஆனால் அதைக் காட்டித் தம்பியிடமோ வாங்குபவரிடமோ முக்கால் கோடி கேட்க முடியாது. பேச்சுவார்த்தையில் அந்த எண்ணை எடுத்தால், உங்கள் மற்ற நியாயங்களின் கனமும் குறைந்துவிடும்.

இனி ஆறுதலான பகுதி. நம் மலையில் மரத்துக்கு வயதைவிட வலுவான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டுவது, வேரோடு பிடுங்குவது, எரிப்பது எல்லாமே தண்டனைக்குரிய குற்றம். பட்டா நிலமும் இதற்குள் அடங்கும். ஆகவே 'என் நிலம், என் மரம், யாரைக் கேட்க வேண்டும்?' என்று தம்பி சொல்வது சமவெளியில் ஓரளவு எடுபடலாம், கோத்தகிரியில் எடுபடாது. இந்தச் சட்டம் உங்கள் நாவலையும் பக்கத்துச் சீகை (வாட்டில்) மரத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். மரம் கிழவனா குழந்தையா என்று அது கேட்பதில்லை. ஆனால் அனுமதி தரலாமா என்று குழு பார்க்கும்போது, நீங்கள் கையில் வைத்திருக்கும் பதிவுகள் பேசும்.

'பர்மிட் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற வியாபாரியிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். விண்ணப்பம் நிலத்துக்கு உரியவர்கள் பெயரில்தான் போகும்; பட்டா, புல வரைபடம், மரங்களின் வகையும் சுற்றளவும் கொண்ட பட்டியல், கூட்டு உரிமையாளர்களின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். அனுமதி வந்து வெட்டிய பிறகும், கட்டையை வண்டியில் ஏற்ற 1968-ஆம் ஆண்டு மரக்கட்டைப் போக்குவரத்து விதிகளின்படி தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் வனத்துறை தேடி வருவது வியாபாரியின் வீட்டுக்கு மட்டுமல்ல.

வேலியோர சைப்ரஸ்

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் அஸ்திவாரத்துக்காகப் பொக்லைன் வைத்து எல்லையோரம் ஆளுயரத்துக்கு மண் வெட்டினார் என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் மற்ற பக்கங்கள் எல்லாவற்றையும்விட முக்கியம்.

மரத்தின் வேர் நாம் நினைப்பதுபோல நேராக ஆழத்துக்கு இறங்கிவிடுவதில்லை. பெரும்பாலான வேர்கள் மேலே மூன்றடி மண்ணுக்குள்ளேயே, கிளை நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. அடிமரத்திலிருந்து சில அடித் தொலைவில் ஆளுயரம் வெட்டினால், அந்தப் பக்கத்துப் பிடிமானத்தில் பெரும்பகுதி போயிற்று என்று பொருள். அறுபட்ட வேர் அன்றைக்கே மரத்தைச் சாய்த்துவிடாது. மெல்ல அழுகி, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்துக் கணக்குத் தீர்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சாய்வு பொய்யாக இல்லாமல் போகலாம். அதற்குக் காரணம் யார் என்பதுதான் கேள்வி. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயற்கை நிலையில் உள்ள ஒருவரின் நிலத்துக்கு அடுத்த நிலத்து மண் தரும் தாங்குதலை அவருடைய உரிமையாக ஏற்கிறது. அந்தத் தாங்குதலை வெட்டியெடுத்தவர், பின்னர் விரிசலுக்கு மரத்தைக் குற்றம் சொல்லும்போது, அந்த விரிசல் மண் வெட்டியதால் வந்ததா வேரால் வந்ததா என்று பொறியாளர் ஒருவரின் சான்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீலகிரியில் பொக்லைன் இயக்கத் தனி அனுமதி வேண்டும். அது அன்று பெறப்பட்டதா என்றும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஆனால், சகோதரி, இந்த நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். எழுத்துமூலப் புகார் வந்துவிட்ட நாளிலிருந்து, ஆபத்து தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. தெரிந்தும் எதுவும் செய்யாமல் மரம் விழுந்தால், அது கவனக்குறைவு. காற்றும் மழையும் இயற்கையின் செயல் என்ற வாதம் அப்போது எடுபடுவது கடினம். அவர் குன்னூர் கோட்டாட்சியரிடம் போனால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில், விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிபந்தனை உத்தரவு போட முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. அந்த உத்தரவுக்கு விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரப்படும். அதுவரை போகாமல், நீங்களே முந்திக்கொள்வது நல்லது.

ஒரு வெயில் நாளில் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். வெட்டுப்பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில் மண் மேலெழும்பிப் பிளந்திருக்கிறதா, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, உச்சி ஒரு பக்கமாகக் காய்ந்து பழுப்பேறியிருக்கிறதா என்று கவனித்துப் படம் எடுத்து வையுங்கள். உள்ளே பொந்து இருப்பது மட்டும் ஆபத்து ஆகாது. சுற்றிலும் உறுதியான கட்டை போதிய பருமனில் இருந்தால் பொந்து மரமும் பல காலம் நிற்கும். வேர்ப்பிடி போயிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பிறகு மாவட்ட வன அலுவலருக்கு மரத்தை ஆய்வு செய்து தரும்படி விண்ணப்பியுங்கள்; அதன் நகலைப் பதிவுத் தபாலில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள். 'மொட்டையாகத் தலையை வெட்டிவிட்டால் போதும்' என்று யாராவது சொல்வார்கள். சைப்ரஸ் முதிர்ந்த கட்டையிலிருந்து தளிர்க்கும் இனம் அல்ல. அப்படிச் செய்வது மரத்தையும் கொல்லும், அபாயத்தையும் நீட்டிக்கும். எல்லை தாண்டி வரும் கிளையைத் தம் பக்கத்தில் நின்று வெட்டிக்கொள்ளும் உரிமை அவருக்குப் பொதுச் சட்டத்தில் உண்டு என்றாலும், இந்த மலையில் இருவரும் சேர்ந்து வனத்துறைக்கு எழுதிவிட்டுச் செய்வதே இருவருக்கும் பாதுகாப்பு.

ஆய்வில் வேர்ப்பிடி போய்விட்டது என்று வந்தால், சைப்ரஸை விட்டுக்கொடுங்கள். இந்த இனம் கலிபோர்னியாவின் மான்டெரி கடற்கரையில் இரண்டே இடங்களில் மட்டும் இயற்கையாக வளர்வது. அங்கிருந்து வந்து, இங்கே பங்களாத் தோட்டங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கீழே ஒரு வீடு இருக்கிறது.

தம்பியின் பங்கும் நாவல் மரமும்

நாவலுக்காக நீங்கள் உறுதியாக நிற்கலாம் என்று சொன்னேன். காரணம் அதன் வயது மட்டுமல்ல. ஊற்றுக்கு மேலே, சரிவில், சோலைக்காட்டு இனமொன்று நிற்கிறது என்றால், அது யாரோ நட்ட மரமாக இராமல், பங்களாவுக்காகத் திருத்தப்பட்ட காட்டில் தப்பிய மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோத்தகிரிக்குக் குடிநீர் தரும் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறுகாடு, 2024-இல் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. நாவலும் செண்பகமும் விக்கியும் அடர்ந்த அத்தகைய காட்டின் ஒரு துணுக்கு உங்கள் கொல்லையில் இருக்கிறது. மலை அணில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

இன்னொரு காரணம் மண். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகளை நீங்களும் நேரில் கண்டிருப்பீர்கள். சரிவில் நிற்கும் பெருமரத்தை வெட்டினால் மறு ஆண்டே மண் இறங்கிவிடாது. அடிக்கட்டையின் வேர் அழுகும் வரை சில ஆண்டுகள் பிடித்திருக்கும். அதனால்தான் வெட்டியவர், 'பார், ஒன்றும் ஆகவில்லை' என்பார். அழுகி முடிந்த பிறகு வரும் ஐப்பசி மழையில் விடுதியின் பின்சுவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை, வாங்க வருபவரிடமே நீங்கள் கேட்கலாம்.

சொத்துரிமையில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் உங்களுக்குப் பங்கு என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியல்ல. இது தந்தையின் சுயசம்பாத்தியம். உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே தாய்க்கும் உங்கள் இருவருக்கும் சமபங்கு தந்துவிட்டது. தாயின் பங்கும் இப்போது உங்கள் இருவருக்கும் சமமாக வந்திருக்கிறது. குடியிருப்பு வீட்டில் மகள் பாகம் பிரிக்கக் கேட்க முடியாது என்றிருந்த 23-ஆம் பிரிவைத்தான் 2005 நீக்கியது. ஆகவே பாதி உங்களுடையது. பாகம் பிரியாத சொத்தில் ஒரு பங்குதாரர் மட்டும் மரத்தை வெட்டி விற்க முயன்றால், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். தம்பி தம் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், தந்தை வழியாக வந்த பங்கைப் பொறுத்தவரை அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை 22-ஆம் பிரிவின்படி உங்களுக்கு இருக்கிறது.

வழக்குக்கு முன் பாகப்பிரிவினையை யோசியுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்றி, நில அளவரை வைத்து அளந்து, நாவலும் ஊற்றும் உங்கள் பங்கில் விழும்படி கோடு போடச் சொல்லுங்கள். தெருவை ஒட்டிய பகுதிக்கு விலை அதிகம் என்பதால் அது தம்பிக்குப் போகட்டும். பணத்தில் உங்களுக்குச் சற்று இழப்புத்தான். ஆனால் மரத்தைக் காக்க இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

'மொத்தமாக விற்றுவிட்டு, நாவலை வெட்டக்கூடாது என்று கிரயப் பத்திரத்தில் எழுதினால் போதாதா?' என்று கேட்டிருந்தீர்கள். போதாது. முழு உரிமையையும் விற்றுவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று போடும் நிபந்தனையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. நீங்கள் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு, அந்த நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக, அதாவது அதன் மண்பிடிப்புக்கும் ஊற்றுக்கும், விற்ற நிலத்தில் உள்ள மரத்தை வெட்டக்கூடாது என்று எழுதினால் அது நிற்கும். 40-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை தெரிந்தே பின்னால் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். நாவல் தம்பியின் பங்கில்தான் விழும் என்றால் இந்த வழி. பத்திரத்தில் மரத்தின் சுற்றளவையும் எல்லைக் கல்லிலிருந்து அதன் தூரத்தையும் குறிப்பிடாமல், 'பெரிய நாவல் மரம்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள்.

அளப்பது எளிது. தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவின் மேல்பக்கம் நின்று, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்த மட்டத்தில் சுற்றி அளந்து எழுதுங்கள். சுற்றளவை வைத்து வயது சொல்ல வருபவரை நம்பாதீர்கள். சோலை மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. வயது நிச்சயமில்லாவிட்டால் 'நூறாண்டு' என்று மனுவில் எழுதாமல், '1964-இல் கிரயம் வாங்கியபோதே முதிர்ந்திருந்த மரம்' என்று எழுதுங்கள்; அதை யாரும் அசைக்க முடியாது. உள்ளாட்சி அமைப்பின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மனுக் கொடுத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது தடையாணை ஆகிவிடாது. ஆனால் அரசு ஆவணமொன்றில் உங்கள் மரம் இடம்பெற்றுவிடும்.

கற்பூர மரங்கள்

இவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1843-இல் விறகுக்காக இம்மலைக்கு வந்த இனம்; ஊற்றுக்குக் கீழே வரிசையாக நிற்பது நீருக்கும் நல்லதல்ல. அயல் இனங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கவே மாநில அரசு 2022-இல் தனிக் கொள்கை வகுத்தது. அனுமதி பெற்று, ஒரே நாளில் ஒன்பதையும் சாய்க்காமல் இரண்டு மூன்று தவணையாக வெட்டி, கிடைக்கும் பணத்தைத் தம்பிக்கே கொடுத்துவிடலாம். நாவலைப் பற்றிப் பேச அவரை உட்கார வைக்க அது உதவும்.

இனி அந்த ஊஞ்சல் சங்கிலி. பிடுங்காதீர்கள். மரம் அதை விழுங்கிப் பட்டை மூடிவிட்டது. இழுத்தால் ஆறாத புண்ணாகிப் பூஞ்சைக்கு வழி விடும். வெளியே தொங்குவதை மட்டும் அறுத்துவிடுங்கள். ஒருநாள் யாராவது ரம்பம் வைத்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொல்ல ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள்.

1971 பொங்கலன்று நீங்கள் அந்த ஊஞ்சலில் ஆடுவதைத் தந்தை எடுத்த படம் ஆல்பத்தில் இருப்பதாகவும், மின்கம்பி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்ததாகவும், லைன்மேன்கள் ஆண்டுதோறும் கிளைகளைத் தறிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி, கம்பிக்கு இடையூறாக உள்ள மரத்தை அகற்ற நிர்வாகத்துறை நடுவரிடம் விண்ணப்பித்து உத்தரவு பெறலாம். ஆனால் கம்பிக்கு முன்பே இருந்த மரம் என்றால், உரியவருக்கு நியாயமான இழப்பீட்டையும் அவர் விதிக்க வேண்டும். முன்பே இருந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சான்று அந்தப் படம்தான். அதை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அந்தப் பக்கத்தோடு நகல் எடுங்கள்; படத்தின் பின்புறம் தந்தையின் கையெழுத்தில் தேதி இருக்கிறதா என்று மட்டும், மூலையை மெல்லத் தூக்கிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.